‘பாத்தாலே தெரியும்’: சிறு தொழிலில் ஆளெடுப்பும் கேள்வியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடையையும் பட்டறையையும் இரண்டு மணி நேரம் இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் தொழில் செய்வோரிடம்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கும் லாபம்தான்.

பெரிய நிறுவனங்களில் ஆளெடுக்கவென்றே ஒரு துறை இருக்கும். கோவையின் கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ பம்ப் உதிரிபாகம் செய்யும் எட்டுப் பேர் பட்டறையில் ஆளெடுப்பவர் முதலாளியே. அதுவும் கொட்டேஷன் அனுப்புவதற்கும் பேங்குக்கு ஓடுவதற்கும் நடுவே கிடைக்கிற கால் மணி நேரத்தில். ஐயாயிரம் பேரில் ஒருவர் பொருந்தாமல் போனால் அது யாரோ ஒரு மேலாளரின் தலைவலி. எட்டில் ஒருவர் பொருந்தாமல் போனால் ஷிஃப்ட் நிற்கும், டெலிவரி தேதி தவறும், அவருடைய வேலையையும் சேர்த்து இழுத்த நல்ல ஆள் ஒருவர் அலுத்துப்போய் விலகுவார். இருந்தும், ஒரு மோட்டார் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற நாம் ஆளெடுக்கும்போது மட்டும் ஒரே பார்வையில் முடிவெடுக்கிறோம். கேட்டால், “இத்தனை வருஷமா தொழில் பண்றேன், ஆளப் பாத்தாலே தெரியாதுங்களா?” என்போம்.

ஆளெடுக்கும்போது முதலாளிகளோடு கூட உட்கார்ந்து உதவுவது என் தொழில். அங்கே நான் அடிக்கடி கேட்பது இப்படிப்பட்ட பேச்சைத்தான்:

“லேத் ஓட்டுவீங்களா?”

“ஓட்டுவேனுங்க.”

“சி.என்.சி.?”

“அதுவும் பாத்திருக்கேனுங்க.”

“நைட் ஷிஃப்ட் வரணும்.”

“வந்துருவேனுங்க.”

“சும்மா சும்மா லீவு போடக்கூடாது.”

“இல்லீங்க.”

“சரி, திங்கக்கெழம வந்துருங்க.”

இதில் முதலாளிக்குப் புதிதாக என்ன தெரிந்தது? ஒவ்வொரு கேள்வியும் தன் பதிலையும் கையோடு கூட்டிவந்திருக்கிறது. “முடியுங்களா” என்றால் “முடியுங்க” என்பதுதான் மரியாதை. வேலை தேவைப்படுகிற ஒருவர், எதிரே முதலாளி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, வேறு என்ன சொல்வார்? “அதுவும் பாத்திருக்கேன்” என்ற பதிலில் மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்தது. பார்த்தது என்றால் ஓட்டியதா, பக்கத்தில் நின்றதா? ஆஃப்செட் போட்டதுண்டா, இல்லை செட்டர் போட்டுக்கொடுத்ததை ஓடவிட்டது மட்டுமா? முதலாளி அந்தக் கதவைத் தாண்டி நைட் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்.

‘பாத்தாலே தெரியும்’ என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்காணல் நடத்திச் சேர்க்கையை முடித்திருந்த நேரத்தில், அம்மாநிலச் சட்டமன்றம் இடங்களை 150இலிருந்து 200ஆகக் கூட்டச் சொன்னது. அந்த ஐம்பது இடங்களுக்கு, நேர்காணலுக்குப் பின் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டவர்களைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். முதலில் எடுத்தவர்களுக்கும் பின்னால் எடுத்தவர்களுக்கும் படிப்பிலும் பயிற்சியிலும் வேறுபாடு தெரியவில்லை. படித்த பேராசிரியர்கள் உட்கார்ந்து பிரித்த பிரிப்பு அது.

இதைவிடச் சங்கடமான சோதனை ஒன்று 2013இல் வெளியானது. டேனா, டாஸ், பீட்டர்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களை நேர்காணல் செய்து, அவர்கள் அடுத்து வாங்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண்ணும் கணிப்பவர் கையில் உண்டு. ஆனால் நேர்காணல்களில் ஒரு பகுதியில், எதிரே உட்கார்ந்தவர் உண்மையான பதிலைச் சொல்லாமல், கேள்வியில் உள்ள எழுத்துகளை வைத்து ஒரு விதிப்படி ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை. ஆளைப் பற்றி நன்றாகப் புரிந்துகொண்டதாகவே அவர்கள் நினைத்தார்கள். போகட்டும், நேர்காணல் செய்தவர்களின் கணிப்பு, பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொன்ன கணிப்பைவிட மோசமாக இருந்தது. பேசப்பேச நமக்குத் தெளிவு கூடுவதில்லை, துணிச்சல்தான் கூடுகிறது.

அப்படியானால் நேர்காணலே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் ஒழுங்கோடு. ஒரே வேலைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, அப்போதைக்கப்போதே மதிப்பெண் போட்டால் நேர்காணலின் பலன் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் சாக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு இது: வேலையில் பின்னால் தெரியவரும் திறமையோடு முழுப் பொருத்தம் 1 என்றால், ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கு 0.42, மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலுக்கு 0.19. ‘எத்தனை வருஷ அனுபவம்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறோமே, அந்த எண்ணிக்கைக்கு இதைவிடவும் கீழேதான் இடம். 0.42 ஒன்றும் பிரமாதமில்லை என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது தெரிகிறது. உண்மை, பிரமாதமில்லை. ஆனால் இதற்குச் செலவாவது ஒரு தாளும் பேனாவும்தான்.

சரி, என்ன கேள்வி கேட்பது? இணையத்தில் தேடினால் நூறு கேள்வி கிடைக்கும். உங்கள் பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று வரிசையாக இருக்கும். வருகிறவரும் அதே நூறைப் படித்துவிட்டுத்தான் வருகிறார். “எனக்கு வேலைன்னா எல்லாம் பர்ஃபெக்டா இருக்கணும், அதான் என் வீக்னஸ்” என்று அவர் சொல்ல, நாம் தலையாட்ட, இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை ஒப்பித்து முடிக்கிறோம்.

இன்னொரு வகை, அறிவைச் சோதிக்கிறேன் என்று புதிர் போடுவது. தாமஸ் எடிசன் தம்மிடம் வேலைக்கு வந்தவர்களுக்கு சுமார் நூற்றைம்பது பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்துத் தேர்வு வைத்தார். 1921இல் அந்தக் கேள்விகள் பத்திரிகையில் வெளியாகிப் பெரும் பேச்சானது. அந்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போயிருந்த ஐன்ஸ்டீனிடம், ஒலியின் வேகம் என்ன என்று அதிலிருந்து ஒரு கேள்வியை நிருபர்கள் போட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார் அவர். நம் காலத்தில் கூகுள் நிறுவனமும் புதிர்க் கேள்விகளுக்குப் பேர்போனதாக இருந்தது. அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், அவையெல்லாம் நேர விரயம் என்று 2013இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கேட்பவர் தம்மை மேதாவியாக உணர்வதைத் தவிர வேறு பயனில்லை என்பது அவர் கருத்து. கோவையில் இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நல்ல கேள்விக்கு ஊற்று எங்கே என்பதை ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளரிடம் நான் கற்றேன், அவர் எழுத்து வழியாக. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வை நடத்தியவர். பயிற்சியில் தோற்றவர்களை ஏன் நீக்கினீர்கள் என்று பயிற்சியாளர்களின் குறிப்புகளைப் புரட்டினால், இயல்பாகப் பறக்கும் திறன் இல்லை என்பது போன்ற பொத்தாம்பொதுவான வரிகளே இருந்தன. அவற்றை வைத்து அடுத்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதனால் அவரும் குழுவினரும் அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, நடந்த சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். என்றைக்கு, எந்த நிலைமையில், அந்த ஆள் சரியாக என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது. 1954இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இந்த முறையை உலகுக்குச் சொன்னது.

நம் ஊர்ப் பட்டறையில் அந்த விமானிக் குறிப்புக்கு ஈடான வரி, “ஆளு சரியில்ல.” போன ஆள் ஏன் போனார் என்று எந்த முதலாளியைக் கேட்டாலும் இதுதான் வரும். அங்கேயே விடாமல் நிறுத்தி, என்ன நடந்தது, ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டால் சரக்கு வெளியே வரும்.

ஒன்றைச் சொல்கிறேன். காஸ்டிங்கை ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பி, கடைசல் முடித்து வாங்கும் ஒரு யூனிட். ஸ்டோர் பார்க்க ஆள் வேண்டும். முன்பிருந்தவர் ‘சரியில்லை.’ தோண்டினால் தெரிந்தது: 200 பீஸ் சலான் போட்டுப் போகும், 196 திரும்பி வரும். நான்கு எங்கே என்று அன்றைக்குக் கேட்கவில்லை. மாதக் கடைசியில் ஜாப் ஒர்க்காரரின் பில் வரும்போது சண்டை. ரிஜெக்ட் ஆனது என்பார் அவர், பீஸைக் காட்டு என்பார் இவர். ஆக, இந்த வேலையின் உயிர்நாடி அந்த நான்கு பீஸில் இருக்கிறது. கேள்வியும் அங்கிருந்தே பிறந்தது: “வெளியே போன சரக்கும் திரும்பி வந்த சரக்கும் ஒத்துவராத ஒரு நாளைச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?”

கேட்பதற்கு முன்பே பதிலுக்கு மதிப்பெண்ணும் எழுதிவைத்தோம். வண்டிக்காரர் நிற்கும்போதே எண்ணி, குறைவைச் சலானிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கி, அன்றே போன் செய்தேன் என்றால் மூன்று. பிறகு எண்ணிப் பார்த்துச் சூப்பர்வைசரிடம் சொன்னேன் என்றால் இரண்டு. “எங்க கிட்ட அப்படி ஆனதே இல்லீங்க” என்றால் ஒன்று. ஸ்டோரில் வருடக்கணக்கில் இருந்தவருக்கு எண்ணிக்கை ஒருநாளும் குறைந்ததே இல்லை என்றால், அவர் எண்ணியதே இல்லை என்று பொருள்.

பதிலை முன்கூட்டியே எழுதிவைப்பது ஏன் முக்கியம்? இல்லாவிட்டால் நன்றாகப் பேசுகிறவர் ஜெயித்துவிடுவார். ஸ்டோரில் பேச்சுக்கு என்ன வேலை?

இங்கே நம்மவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. நாம் செய்ததை ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூசுவோம். “நாங்க பண்ணோம்”, “அங்க அப்படித்தான் பண்ணுவாங்க” என்று கூட்டத்தில் ஒளிந்துகொள்வோம். அது பணிவாகவும் இருக்கலாம், உண்மையிலேயே அவர் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் நின்றதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எனவே மெதுவாக, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், “அதுல உங்க கைவேலை எது?” என்று கேளுங்கள். பணிவால் ஒளிந்தவர் மளமளவென்று சொல்லத் தொடங்குவார். மற்றவர் மறுபடியும் “நாங்க” என்பார். அதன்பின் கேட்க வேண்டியது “அப்புறம்?” ஒன்றுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலாளிகளுக்கு மிகக் கடினமான பகுதி இந்த வாயை மூடுவதுதான். தாம் எப்படிச் சைக்கிளில் சரக்கு போட்டு முன்னுக்கு வந்தோம் என்ற கதையை அங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

சில வேலைகளுக்குக் கேள்வியைவிடச் செய்துகாட்டச் சொல்வதே மேல். கணக்கு எழுத வருகிறவரிடம் “டேலி தெரியுமா” என்று கேட்காதீர்கள். தெரியும் என்பார். பத்துப் பில் உள்ள கொள்முதல் பட்டியலையும், அதில் ஒன்பது மட்டும் உள்ள ஜி.எஸ்.டி. 2பி பட்டியலையும் தாளில் கொடுத்து, விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு, அந்தப் பில்லுக்கான கிரெடிட்டை இந்த மாதம் எடுப்பீர்களா என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர், 2பியில் வராமல் எடுக்க முடியாது, சப்ளையர் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.1 போட்டாரா பார்க்கணும், நம்பர் தப்பாக அடித்திருக்கலாம், போன் போட்டுக் கேட்டுவிட்டு 20ஆம் தேதிக்குள் 3பியை முடிக்கணும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பட்டம் என்னவாக இருந்தாலும் அவர்தான் உங்கள் ஆள்.

லேத்துக்கு வருகிறவரிடம் ஒரு டிராயிங், கடைந்த ஷாஃப்ட் ஒன்று, மைக்ரோமீட்டர் ஒன்று கொடுத்து, “இது பாஸா, ரிஜெக்டா?” என்று கேளுங்கள். பதிலை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். கை பழகியவர் முதலில் பீஸைத் துடைப்பார். மைக்ரோமீட்டரை மூடி ஜீரோ சரியா என்று பார்ப்பார். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் டேப்பர் இருக்கிறதா, ஓவாலிட்டி இருக்கிறதா என்று இரண்டு மூன்று இடத்தில் திருப்பி அளப்பார். இப்போதுதான் மெஷினிலிருந்து எடுத்ததா, சூடாக இருந்ததா என்று எதிர்க்கேள்வி கேட்டால் அவரை விட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனைக்கு மொழியும் தேவையில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களை ஏஜெண்ட் சொன்ன கணக்கில் தலையெண்ணி எடுத்துக்கொள்கிறோம். அவர்களில் கைத்தேர்ச்சி உள்ளவர் யார் என்று பார்க்க இந்த ஒரு மைக்ரோமீட்டர் போதும்.

ஒரு எச்சரிக்கை. சோதனை வேறு, ஓசி வேலை வேறு. ஒரு நாள் முழுக்க நிற்கவைத்து உருப்படியான சரக்கை எடுத்துக்கொண்டால் அந்த நாள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். லோகோ வரைந்து காட்டச் சொல்லி, ஆளை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, லோகோவை மட்டும் போர்டில் ஏற்றிய கடைகளும் உண்டு. அதற்குப் பெயர் நேர்காணல் இல்லை.

இனி, கேட்கக் கூடாதவை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஓலையைக் குடத்தில் போடுவதற்கு முன்பே யார் தகுதியானவர் என்பதை எழுதிவைத்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை என்று ஒரு விதி. நடந்ததை வைத்து ஆளை எடைபோடும் விதி அது. ஃபிளானகனுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. அதை நாம் மெச்சலாம். ஆனால் அதே கல்லில், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்ற விதிகளும் உள்ளன. ஊரில் பெரும்பாலோரை அவை வாசலிலேயே நிறுத்திவிட்டன. எழுதிவைத்த விதி என்பதற்காகவே ஒன்று நியாயமாகிவிடுவதில்லை. இந்த நிபந்தனைக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று ஒவ்வொன்றையும் கேட்டாக வேண்டும்.

நம் மேசையில் அப்படிப்பட்ட கேள்வி ஒன்று தினமும் புழங்குகிறது. “தம்பி எந்த ஊரு?” அடுத்தது, “ஊர்ல எந்தப் பக்கம்?” அடுத்தது, “அப்பா பேரு?” மூன்றாவது கேள்வியில் எதைத் தேடுகிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தூரம்தான் கவலை என்றால், ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு எப்படி வந்து சேருவீர்கள் என்று கேட்டால் முடிந்தது.

பெண்களிடம் கல்யாணம் எப்போது, குழந்தை உண்டா, வீட்டில் விடுவார்களா என்று கேட்பதும் இந்த வகைதான். ஆளெடுப்பில் பெண் என்பதற்காக ஒதுக்குவதை 1976ஆம் ஆண்டிலேயே சம ஊதியச் சட்டம் தடைசெய்தது. சட்டம் கிடக்கட்டும், அந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை. தீபாவளி மாதத்தில் இரவு ஒன்பது வரை கடை இருக்கும், முடியுமா என்று ஆண் பெண் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்.

புதிதாகப் படித்துவிட்டு வருகிறவரிடம் என்ன சம்பவம் இருக்கும் என்று கேட்கிறார்கள். நிறைய இருக்கும். ஹாஸ்டல் மெஸ் கணக்கு பார்த்திருப்பார், கோயில் திருவிழாவில் நன்கொடை வசூலித்திருப்பார், அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருப்பார். கடன் வசூலித்த அனுபவம் உள்ள பிள்ளையை மார்க்கெட்டிங்குக்கு எடுக்க யோசிக்கவே வேண்டாம். இரண்டு வருடம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தேன் என்கிறவரைப் பார்த்து “அப்ப அதுவும் கெடைக்கலயா?” என்று சிரிக்காதீர்கள். அந்த இரண்டு வருடம் நாளை எப்படிப் பிரித்துப் படித்தார் என்று கேளுங்கள். ஒழுங்கு இருந்தால் அங்கே தெரியும்.

பழைய முதலாளியிடம் விசாரிப்பது நம் வழக்கம். ஆள் எப்படி என்று கேட்டால், தொலைந்தால் போதும் என்று நினைப்பவர் புகழ்வார், விட்டுப்போன கோபத்தில் இருப்பவர் திட்டுவார். “திரும்பி வந்தா எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் அவரைக் கேட்காமல் போன் போடாதீர்கள். உங்களிடமும் கிடைக்காமல், இருக்கிற வேலையும் போய்விடும்.

வந்தவர் கேட்கவும் நேரம் கொடுங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ.யும், இருபது பேர் ஆனாலே பி.எஃப்.உம் சட்டப்படி வந்துவிடும். அவர் கேட்பது சலுகை அல்ல. நீங்களும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: மே மாதத்தில் ஷெட்டுக்குள் எவ்வளவு வேகும், பஸ் ஸ்டாப்பிலிருந்து எவ்வளவு நடக்கணும், சம்பளம் ஐந்தாம் தேதியா பத்தாம் தேதியா. கேட்டுவிட்டு ஓடுகிறவர் இப்போதே ஓடட்டும்.

இந்த அரங்கில் இருக்கும் தொழில் செய்வோரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆளை எடுக்கும் முன், கடைசியாகப் போன இருவர் ஏன் போனார்கள் என்பதைச் சம்பவமாக எழுதுங்கள். அதிலிருந்து ஐந்து கேள்வி எடுத்து, வருகிற எல்லோரிடமும் அந்த ஐந்தையும் கேளுங்கள். எடுக்காதவர்களுக்கும் மூன்று நாளில் ஒரு வரி வாட்ஸ்அப் அனுப்புங்கள். “சொல்லி அனுப்பறோம்” என்று சொல்லிவிட்டுச் சொல்லாமலே இருப்பதை நாம் நிறுத்த வேண்டும். அந்தச் சொல்லை நம்பி, வேறு இடத்துக்குப் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.